ஏறும் நெற்றி, கரையும் காலம்

"சென்னைக்குப் போனதுல இருந்துதான் இவனுக்கு இப்படி முடி கொட்டுது. அங்க இருக்கிற போர் தண்ணிதான் காரணம்" என்பார் அம்மா. ஹெல்மெட்தான் காரணம் என்பார் அப்பா. ராத்திரி முழுக்க செல்போனைப் பார்த்தால் கொட்டாமல் என்ன செய்யும் என்பார் அத்தை. சலூன்காரர் பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "உச்சியில லேசாயிட்டே வருது தம்பி" என்று சொல்லி, கையோடு ஒரு எண்ணெயின் பெயரையும் சொல்வார். யாரும் கெடுதல் நினைத்துச் சொல்வதில்லை. அந்த இளைஞனும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறான். குழாய்க்கு ஃபில்டர் மாட்டுகிறான், ஷாம்பூவை மாற்றுகிறான், சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கிறான். தோல் மருத்துவர் முன்னால் அவன் போய் உட்காரும்போது இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை. ஆண் வழுக்கைக்கு இன்று நம்மிடம் இருக்கும் மருந்துகள் மிச்சமிருக்கும் முடியைக் காப்பாற்றுவதில் கெட்டி. போய்விட்ட முடியைத் திரும்ப வரவழைப்பதில் அவற்றின் பலம் குறைவு. இருபத்து மூன்று வயதில் தொடங்கியிருந்தால் நின்றிருக்கக்கூடிய உதிர்வு, இருபத்தேழில் மண்டை தெரியும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த மருத்துவராலும் பழைய தலையைக் கொடுக்க முடியாது.

தண்ணீர் மீது விழுந்த பழி

போர் தண்ணீரை முதலில் பார்த்துவிடுவோம். கடின நீர் முடியின் வலுவைக் குறைக்கிறதா என்று கோயம்புத்தூரைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் சோதித்து, 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒவ்வொருவரின் தலையிலிருந்தும் எடுத்த முடிகளில் ஒரு பங்கைக் கடின நீரிலும் இன்னொரு பங்கைக் காய்ச்சி வடித்த நீரிலும் நனைத்து, இழுத்துப் பார்த்து அளந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. முடி நலிவதாகச் சொல்லும் வேறு சில ஆய்வுகளும் உண்டு. எதுவாக இருந்தாலும் உப்புத் தண்ணீரால் தொட முடிவது வெளியே நீண்டிருக்கும் இழையை மட்டுமே. முடி சொரசொரப்பாகலாம், சிக்குப் பிடிக்கலாம், பாதியில் உடையலாம். தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையை அது எட்டுவதில்லை. தண்ணீர்தான் குற்றவாளி என்றால், பக்கவாட்டிலும் பிடரியிலும் அடர்ந்து நிற்கும் முடியும் சேர்ந்தே கொட்டியிருக்க வேண்டும். அதே தண்ணீர்தானே அங்கேயும் படுகிறது?

பிறகு ஏன் இத்தனை பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிறகு முடி கொட்டியதாகச் சொல்கிறார்கள்? படிப்பு முடித்து வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. பரம்பரையில் வழுக்கை உள்ள பலருக்கு நெற்றி ஏறத் தொடங்குவதும் அதே வயதுதான். ஊரிலேயே இருந்து கிணற்றுத் தண்ணீரில் குளித்திருந்தாலும் அது ஏறியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகத் தோன்றிவிடுகிறது.

மொட்டையும் அப்படித்தான். பழனியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மழித்தால் முடி தடிக்குமா என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928இலேயே அளந்து பார்த்துவிட்டார். முகச்சவரம் செய்த ஆண்களின் முடிகளை எடுத்து ஒப்பிட்டதில் தடிமனும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை. முருகனுக்குக் கொடுக்கும் முடி வேண்டுதலுக்கானது. அந்தப் புண்ணியத்தோடு அது நிறைவாகவே இருக்கட்டும். வழுக்கைக்கு மருந்தாக அதை எண்ண வேண்டாம்.

தோலுக்கடியில் நடப்பது

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் வளர்கிறது, சில வாரங்கள் சுருங்குகிறது, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்து கிடந்து, பிறகு விழுகிறது. அதே பையிலிருந்து புது முடி கிளம்புகிறது. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை விழுவது இயல்பு. சீப்பில் வந்த முடியை எண்ணிப் பார்த்து இரவு தூங்காமல் கிடப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண் வழுக்கையில் கோளாறு விழுவதில் இல்லை, திரும்ப முளைப்பதில் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஒரு நொதி டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகள், பரம்பரை காரணமாக, இந்த டி.எச்.டி.க்கு மிகவும் கூச்சப்படுபவை. ஒவ்வொரு சுற்றிலும் பை கொஞ்சம் சிறுக்கிறது, வளரும் காலம் குறைகிறது, இழை மெலிகிறது. மரம் நின்ற குழியில் புல் முளைப்பதைப்போல, கடைசியில் பூனைமயிர் மட்டும் மிஞ்சுகிறது. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள பைகளுக்கு இந்தக் கூச்சம் இல்லை. முழு வழுக்கையானவர்களுக்கும் சுற்றி ஒரு வளையம் தங்கிவிடுவது அதனால்தான்.

விரை நீக்கப்பட்ட அண்ணகர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை கிரேக்கத்தின் ஹிப்போகிராட்டஸ் காலத்திலேயே கவனித்திருந்தார்கள். அதை ஹார்மோனோடு முடிச்சுப்போட்டவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர். பருவமடையும் முன்பே விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால், குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்கு மட்டும் முடி விழத் தொடங்குகிறது என்பதையும் 1942இல் அவர் எழுதினார். ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரை மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். இன்று சில உடற்பயிற்சிக் கூடங்களில் ரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகளைப் போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். புஜம் ஏறும் வேகத்தில் நெற்றியும் ஏறும்.

பரம்பரை என்றவுடன் நம் வீடுகளில் தாய்மாமனின் தலையைப் பார்ப்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் முக்கியமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது ஆணுக்குத் தாய் வழியாக மட்டுமே வருவது. ஆனால் பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை அலசி 2017இல் வெளியான ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை அவற்றில் 40 மட்டுமே. மாமன் தலை நிறைய முடியோடு இருந்தும் அப்பாவின் வழுக்கை மகனுக்கு வருவது இதனால்தான்.

ஒரு தீவுக் கிராமமும் ஒரு மாத்திரையும்

டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலீனாஸ் என்றொரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணைப்போலத் தோன்றி, பெண்ணாக வளர்ந்து, பன்னிரண்டு வயதுவாக்கில் குரல் உடைந்து ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெரடோ மெக்கின்லி என்ற மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1974இல் எழுதினார். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர் கண்ட இன்னொரு விவரம் மருந்து உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. வளர்ந்த பிறகு அந்த ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. நெற்றி ஏறவில்லை.

அந்த நொதியை மருந்தால் அடக்கினால் என்ன என்று மெர்க் மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ராய் வாகெலோஸ் யோசித்தார். அதன் விளைவுதான் ஃபினாஸ்டிரைடு. 1992இல் 5 மில்லிகிராம் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கு. 1997 டிசம்பரில் 1 மில்லிகிராம், வழுக்கைக்கு. உச்சந்தலை முடி விழுந்த ஆண்களிடம் நடந்த சோதனையில், இரண்டு ஆண்டுகளின் முடிவில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்தினர் முடி எண்ணிக்கையை இழக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அப்படி இருந்தவர்கள் 28 சதவீதம். முன் நெற்றி ஓரத்தில் பலன் இவ்வளவு இராது.

இந்த மாத்திரையைப் பற்றி இரண்டு தரப்பினர் நம் இளைஞர்களைக் குழப்புகிறார்கள். சாப்பிட்டால் ஆண்மையே போய்விடும் என்று பயமுறுத்துபவர்கள் ஒரு பக்கம். ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சீட்டே இல்லாமல் வாங்கித் தருபவர்கள் மறுபக்கம். சோதனையின் முதல் ஆண்டில் பாலியல் ஆர்வக் குறைவு, விறைப்புக் குறை போன்றவை மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் இருந்தன. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியாகிறது. நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய புகார்களைக் கருதியே மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் அது சேர்க்கப்பட்டது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. மருந்து தொடங்கிய பிறகு மனம் இருண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்னும் சில விஷயங்களைப் பலர் சொல்லித் தருவதில்லை. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவை இந்த மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்குப் போகும் ஐம்பது வயதுக்காரர் இதைச் சொல்லாவிட்டால் ஆபத்து. மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்த தானம் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியை மருந்து பாதிக்கலாம்.

மற்றொரு மருந்தான மினாக்ஸிடில் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் கடுமையான ரத்த அழுத்தத்துக்காக அதைத் தயாரித்தது. 1979இல் அனுமதி கிடைத்தது. சாப்பிட்ட நோயாளிகளுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது. அந்தத் தொந்தரவே மருந்தானது. 1988இல் தலையில் தடவும் 2 சதவீதக் கரைசல், பிறகு 5 சதவீதம். முடி வளரும் காலத்தை இது நீட்டுகிறது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்ந்து கிடந்த பழைய முடிகள் வழிவிட்டுப் போகின்றன. நம் ஆட்களில் எத்தனையோ பேர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததும் போய்விடும். ஃபினாஸ்டிரைடுக்கும் இதே கதைதான். ஆறு மாத கோர்ஸ், அதோடு குணம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைந்த அளவு மினாக்ஸிடிலை மாத்திரையாகவும் இப்போது மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இதயத் துடிப்பு, கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்து எடுக்க வேண்டிய மருந்து அது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் தடவும் மருந்தை அதன் நாக்குக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பூனைக்கு அது விஷம்.

எல்லா உதிர்வும் வழுக்கை அல்ல

டைபாய்டு வந்து போனால் முடி கொட்டும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். அது சரியான கவனிப்பு. டைபாய்டு, டெங்கு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடலைக் குறைப்பது என உடலை உலுக்கிய எதுவும் ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை கொத்துக் கொத்தாக விழும். காய்ச்சல் மறந்துபோன நேரத்தில் முடி கொட்டுவதால் ஆள் மிரண்டுவிடுகிறார். இதில் வேர்ப்பை சாகவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகும். இப்படி உதிர்வு தானாக நிற்பதன் புகழைத்தான், அந்த நேரத்தில் தேய்த்த எண்ணெய் தட்டிச் செல்கிறது.

திடீரென்று வட்டமாக முடி இல்லாமல் போகும் புழுவெட்டு முற்றிலும் வேறு. அங்கே எந்தப் புழுவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் வேர்ப்பைகளையே தாக்குகிறது. சிறு வட்டம் பலருக்கு ஓராண்டுக்குள் தானே நிரம்பிவிடும். இல்லையென்றால் வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு, 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் இன்று இருக்கின்றன. சொறி, வலி, சீழ், பளபளப்பான தழும்பு இவற்றோடு முடி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. தழும்பான இடத்தில் வேர்ப்பை மீளாது. முடியை உதிர்க்கக்கூடிய தைராய்டு கோளாறையும் இரும்புச் சத்துக் குறைவையும் ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

சட்டம் சொல்வதும் சந்தை விற்பதும்

இந்தியாவின் மருந்து விதிகள், 1945இல் 'ஜே' என்றொரு அட்டவணை இருக்கிறது. எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கோரக் கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கையும் அதில் உண்டு, புது முடி வளர்ப்பதும் உண்டு. அதனால்தான் விளம்பரங்களின் அடியில் எறும்பு எழுத்தில், 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று போட்டிருக்கும். பெரிய எழுத்தைப் பார்த்து வாங்குபவர் எறும்பு எழுத்தைப் பார்ப்பதில்லை.

நான் எண்ணெய்க்கு எதிரி அல்ல. தேங்காய் எண்ணெய் முடியிழையின் உள்ளே புகுந்து, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று மும்பையில் செய்யப்பட்ட ஆய்வு 2003இல் வெளியானது. இழை பளபளப்பாக, உடையாமல் இருக்க எண்ணெய் நல்லது. டி.எச்.டி. சுருக்கிவிட்ட பையை அது விரிக்காது. கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பாட்டி தலைக்குக் குளுமை என்று சொல்லித்தான் தேய்த்தாள். வழுக்கைக்கு மருந்து என்ற பொய்யை அவள் சொல்லவில்லை.

முடிக்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரையும் அப்படித்தான். சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு பயோட்டின் குறைபாடு வருவதே அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனை முடிவையும் அது குழப்பிவிடும். அமெரிக்க மருந்து ஆணையம் 2017இல் இதை எச்சரித்தது. முடிச் சத்து மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் செலினியம் அளவு மிஞ்சினால் முடியையே உதிர்த்துவிடும்.

கிளினிக்குகளில் சொல்லும் பி.ஆர்.பி., அதாவது சொந்த ரத்தத்தின் திரவப் பகுதியைத் தலையில் ஊசியாகச் செலுத்தும் முறை, சிலருக்கு உதவுகிறது. மையத்துக்கு மையம் தயாரிப்பு மாறுவதால் பலனும் மாறுகிறது. முதல் மருந்தாக அதை விற்பவரை நான் நம்பமாட்டேன். நுண்ணூசி உருளையோடு மினாக்ஸிடிலைச் சேர்த்தால் மினாக்ஸிடில் மட்டும் தடவுவதைவிடப் பலன் கூடுகிறது என்று மும்பை மருத்துவர்கள் 2013இல் காட்டினார்கள். அது மருத்துவரின் கண்காணிப்பில் நடந்தது. இணையத்தில் வாங்கிய உருளையை அறைத் தோழர்கள் மாற்றி மாற்றி உருட்டுவது தொற்றுக்கு வழி.

நட்டு வைக்கும் முடி

பிடரி முடிக்கு டி.எச்.டி. கூச்சம் இல்லை என்று பார்த்தோம். அதைப் பெயர்த்து முன்னால் நட்டால் அங்கேயும் அது தன் பிடரிக் குணத்தோடே வளரும். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952இல் வழுக்கைக்கு இதைச் செய்து காட்டி, 1959இல் எழுதினார். ஜப்பானின் ஷோஜி ஒகுடா 1939இலேயே ஒத்த முறையை எழுதியிருந்தார். போர்க்காலத்தில் உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஒன்று முதல் நான்கு முடி கொண்ட சிறு வேர்க்கட்டுகளாகப் பிரித்து இன்று நடுகிறார்கள். நட்டவை சில வாரங்களில் விழுந்து, மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகிறது.

பிடரிச் சேமிப்பு ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. இருபத்திரண்டு வயதில் முன் நெற்றியில் அடர்த்தியாக நட்டுக்கொண்டவருக்கு, அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி முப்பதில் விழுந்துவிட்டால், முன்னால் ஒரு வரிசை மட்டும் தனியாக நிற்கும். நட எடுக்கப் பின்னால் முடியும் மிச்சமிருக்காது. அந்த வயதில் உடனே நடலாம் என்பவரைவிட, மருந்து எடுத்துக் காத்திரு என்று திருப்பி அனுப்பும் மருத்துவரே உங்கள் நலன் பார்ப்பவர்.

2016 மே மாதத்தில் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். சலூனாக நடத்த மட்டுமே அனுமதி பெற்ற இடம் அது என்று பிறகு செய்திகள் வந்தன. படித்து டாக்டராகப் போகிறவருக்கே இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. மணிக்கணக்கில் மரப்பு மருந்து செலுத்தும் சிகிச்சை இது. அளவு மீறினால் மூளையையும் இதயத்தையும் அந்த மருந்து பாதிக்கும். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொன்னது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும்; பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது. ஆகவே கேளுங்கள். என் தலையில் கத்தி வைப்பது யார்? அவருடைய பட்டமும் பதிவு எண்ணும் என்ன? மரப்பு மருந்தைச் செலுத்துபவர் யார்? மூச்சு நின்றால் காப்பாற்றும் வசதி அறைக்குள் இருக்கிறதா? கூச்சப்படாமல் கேளுங்கள். 'டிரைக்காலஜிஸ்ட்' (முடி நிபுணர்) என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒருவரை மருத்துவராக்காது.

இவ்வளவு அவசரத்துக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் கல்யாணம். ஜாதகம் பொருந்தி, சம்பளம் பொருந்தி, புகைப்படத்தைப் பார்த்ததும், "மாப்பிள்ளைக்கு முடி கம்மியா இருக்கே" என்று தரகரிடம் திரும்பிவரும் பதில் ஒரு மனிதனை எவ்வளவு நொறுக்கும் என்பதை நாம் பேசுவதில்லை. விசேஷ வீடுகளில் சொட்டை என்று கிண்டலாகக் கூப்பிடும் சித்தப்பாக்கள் அதைப் பாசம் என்றே நினைக்கிறார்கள். அந்தப் பையன் அடுத்த விசேஷத்துக்கு வராமல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் அந்தச் சித்தப்பாவாக இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுத்து ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஆண்களும் சரியான முடிவையே எடுத்திருக்கிறார்கள். வழுக்கை உடலுக்குக் கேடு செய்யும் நோய் அல்ல. இளம் வயதிலேயே உச்சி வழுக்கை விழுந்தவர்களுக்கு இதய நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் உண்டு. அவர்கள் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை வேண்டும் என்பவர்கள் தாமதிக்க வேண்டாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. போகும்போது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படம் ஒன்றை எடுத்துப் போங்கள். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிடும் மாத்திரைகள், ஜிம் பவுடர், ஊசி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து தொடங்கும் அன்று ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தலையை ஈரமில்லாமல் வைத்து நெற்றியையும் உச்சியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை ஆறாவது மாதப் படத்தையும் பன்னிரண்டாவது மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.